‘எங்கணா வர்றே?’: குடியாத்தம் பக்கம் ஒரு கம்பெனி வேன் விபத்து – நிகழ்வு ஆய்வு

2024 ஆடி மாதம் குடியாத்தம்–பேர்ணாம்பட்டு சாலையில் நடந்த ஒரு விபத்தின் பதிவு இது. ஷூ கம்பெனிக்குப் பெண் தொழிலாளர்களை ஏற்றிப்போன வேன், பால்காரர் ஒருவரின் வண்டியில் மோதியது. உயிர் போகவில்லை. டிரைவர் ஃபோனில் இருந்தார். முந்தின ராத்திரி குடித்தது முழுசாக இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் ஒரே காலையில் சேர்ந்திருந்ததால், எதற்கு எந்தத் தண்டனை, எந்தத் தண்டனை எதைத் தடுத்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

ஆட்களின் பெயர், ஊர், கம்பெனி எதையும் குறிப்பிடவில்லை. டிரைவர், வேன் உரிமையாளர், பால்காரர் மூவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். டிரைவர்களுக்குச் சாலைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. விபத்து நடந்த மறு வாரம் உரிமையாளர் கூப்பிட்டதன் பேரில் போனேன்.

பின்னணி

பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம் வேலை செய்கிறார்கள். சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றி வர ஒவ்வொரு கம்பெனியும் வேன் காண்ட்ராக்ட் விட்டிருக்கிறது. பொழுது விடியும் நேரத்தில் இந்தச் சாலைகளில் ஒரு நடை போய்வந்தால் தெரியும்: வேன்களும் பால் வண்டிகளும்தான் ஓடும்.

இந்த உரிமையாளரிடம் ஐந்து வேன்கள். மூன்று இந்தக் கம்பெனிக்கு, இரண்டு வேறு கம்பெனிக்கு. விபத்து நடந்த வேனின் டிரைவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இருபது வருஷமாக ஹெவி லைசென்ஸ், பேட்ஜ் எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு முன்னால் ஆளுக்கு அடிபட்ட விபத்து எதுவும் அவர் கணக்கில் இல்லை. காலை 5:45-க்கு ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, ஆறு ஸ்டாப்பில் ஆள் ஏற்றி, 7:50-க்குள் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். மாலையில் திரும்ப இறக்கிவிட வேண்டும். ஓ.டி. இருந்தால் ராத்திரி பத்து மணிகூட ஆகும்.

கம்பெனியில் வேலை நேரம் எட்டு மணி. பத்து நிமிஷம் வரை பொறுத்துக்கொள்வார்கள். 8:10 தாண்டி உள்ளே போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பு. மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் அட்டெண்டன்ஸ் போனஸ் கிடையாது. வேன் லேட்டானதா, ஆள் லேட்டானாளா என்று யாரும் கேட்பதில்லை. பஞ்சிங் மெஷின் காட்டும் நேரம்தான் கணக்கு. இந்த விதியை எல்லோரும் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். விபத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு விஷயம். விபத்துக்கு நான்கைந்து மாதம் முன்னால் இதே டிரைவர் ஃபோன் பேசிக்கொண்டே ஓட்டியதற்காகக் குடியாத்தத்தில் ஃபைன் வாங்கியிருக்கிறார். 2022 அக்டோபரில் தமிழக அரசு ஃபைன் தொகைகளை உயர்த்திய பிறகு, ஓட்டும்போது ஃபோன் பேசினால் முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினால் 10,000. சலான் உரிமையாளர் ஃபோனுக்கு வந்தது. அவர் கட்டிவிட்டு, டிரைவர் சம்பளத்தில் இரண்டு மாதம் ஐந்நூறு ஐந்நூறாகப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஃபைனுக்குப் பிறகு டிரைவர் ஃபோன் பேசுவதை நிறுத்தவில்லை. காதில் வைப்பதை நிறுத்தினார். ஃபோனை மடியில் போட்டு ஸ்பீக்கரில் பேச ஆரம்பித்தார். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரருக்குக் காதில் இருக்கும் கைதான் தெரியும், மடியில் கிடக்கும் ஃபோன் தெரியாது. காதில் வைத்திருந்தவரை கண்ணாவது ரோட்டில் இருந்தது. மடிக்கு இறங்கியதும் பச்சைப் பட்டனைத் தேடிக் கண்ணும் கீழே போனது. ஃபைனின் விளைவு இப்படியும் இருக்கலாம் என்பதை நான் கண்ணால் பார்த்த கேஸ் இது.

முந்தின ராத்திரி

டிரைவரின் ஊரில் ஆடித் திருவிழா. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, ராத்திரி தெருக்கூத்து. நம் வட ஆற்காட்டுப் பக்கம் கூத்து என்றால் விடிய விடியத்தான். அவர் 10:30 மணிவாக்கில் நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறார். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிவிடும் என்பதால் சாயங்காலமே வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு குவார்ட்டர் (180 மில்லி), அதற்கு மேல் ஒரு கட்டிங் (அதில் பாதி). பன்னிரண்டரைக்கு முடித்து, கொஞ்ச நேரம் கூத்து பார்த்துவிட்டு, இரண்டு மணிக்குப் படுத்து, 4:45-க்கு அலாரம் அடித்து எழுந்திருக்கிறார்.

“தலைக்குக் குளிச்சிட்டு, டீ குடிச்சிட்டுத்தான் சார் வண்டி எடுத்தேன். வாடையே இல்ல. இறங்கிடுச்சுன்னுதான் நெனச்சேன்” என்றார். அவர் பொய் சொல்வதாக எனக்குப் படவில்லை. எங்கள் பயிற்சிக்கு வரும் டிரைவர்களில் பெரும்பாலானவர்கள் நம்புவது இதைத்தான்: தூங்கி எழுந்தால் இறங்கிவிடும், குளித்தால் இறங்கிவிடும், மோர் குடித்தால் இறங்கிவிடும்.

கணக்கு வேறு. 180 மில்லி பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றிவிடும். ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வேகத்தில்தான் கழிக்கும். குளியலோ மோரோ அந்த வேகத்தைக் கூட்டாது. ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்கவே எட்டு மணி நேரம் ஆகும் என்றால், அதற்கு மேல் ஒரு கட்டிங்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம். காலை ஆறு மணிக்கு அவர் அந்த வரம்புக்குள் இருக்க வழியே இல்லை.

அந்தக் காலை

நான்காவது ஸ்டாப் தாண்டியாயிற்று. வேனில் 14 பெண்கள். நேரம் 6:40. முதல் ஸ்டாப்பில் ஒரு பெண்ணுக்காகக் காத்திருந்ததில் ஏழெட்டு நிமிஷம் பின்தங்கியிருந்தார்கள். ஐந்தாவது ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணிடமிருந்து அழைப்பு. டிரைவர் குனிந்து மடியைப் பார்த்தார்.

இடது பக்கம் ஒரு கிராமத்துச் சாலை வந்து சேரும் இடம். சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்த பால்காரர் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில், இரண்டு பக்கமும் கேன் மாட்டி, மெயின் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறினார் என்று முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் சொன்னார்கள். வேனின் இடது முனை அவர் வண்டியின் வலது பக்கக் கேனில் மோதி, காலோடு சேர்த்துத் தள்ளியது. பிறகு ஸ்டேஷனில் அந்தக் கேனைப் பார்த்தேன். அலுமினியக் கேன், ஒரு பக்கம் தட்டையாகி, மூடி திறக்கவே முடியாமல் சிக்கிக்கிடந்தது. அது நடுவில் இல்லாமல் போயிருந்தால் அடி முழுசும் காலில்தான் விழுந்திருக்கும். ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. தலை மண்ணில் விழுந்ததால் தப்பித்தார்.

வேனை நிறுத்திவிட்டு டிரைவரே இறங்கி ஓடினார். பெண்களில் ஒருத்தி 108-க்கு ஃபோன் செய்தாள். இது முக்கியமான விஷயம், பின்னால் வருகிறேன். ஆம்புலன்ஸ் வந்து குடியாத்தம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அடுக்கம்பாறையிலுள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, ஆபரேஷன். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்றுக்கொண்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. கையில் பணமில்லாத அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு நாள் பெரிய உதவி.

ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும்

போலீஸ் வருவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். “எதுக்கு கேஸு கீஸுன்னு, பேசி முடிச்சுக்கலாம்” என்று ஆரம்பித்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே வட்டாரம், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். உரிமையாளரும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் 108-க்குப் போன அழைப்பு பதிவாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவு) போட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவலும் போய்விட்டது. பேசி முடிக்க இடமில்லாமல் போனது. நல்லதாயிற்று என்றே சொல்வேன். பேசி முடித்திருந்தால் பால்காரருக்கு அன்றைக்குக் கையில் கொஞ்சம் காசு கிடைத்திருக்கும். இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு கேட்க எஃப்.ஐ.ஆரே இருந்திருக்காது.

7:35-க்கு மூச்சுப் பரிசோதனை. மீட்டர் காட்டியது 41. மணிக்கு 15 என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டால் மோதிய நேரத்தில் 55 பக்கம் இருந்திருக்கும்.

கைது செய்த இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 202-வது பிரிவு சொல்கிறது. 9:10-க்கு ரத்தம் எடுத்தார்கள். டிரைவருக்காக வந்த வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு 30-க்குக் கீழே இருக்க வாய்ப்புண்டு, அப்படி ரிப்போர்ட் வந்தால் குடிபோதைக்கான 185-வது பிரிவு நிற்காது என்பது அவர் வாதம். ரத்த அளவு இறங்கியிருக்கும் என்பது சரிதான். ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 185-வது பிரிவு, மூச்சுப் பரிசோதனையிலோ ஆய்வகப் பரிசோதனை உள்ளிட்ட வேறு பரிசோதனையிலோ 30-க்கு மேல் தெரிந்தால் குற்றம் என்கிறது. 7:35-க்கு வந்த அச்சுச் சீட்டு ஃபைலில் இருக்கிறது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும்.

போட்ட பிரிவுகள் இவை: மோட்டார் வாகனச் சட்டம் 184 (ஆபத்தாக ஓட்டுவது), 185, பாரதிய நியாய சன்ஹிதா 281 (கண்மூடித்தனமாக ஓட்டுவது), 125(பி). இந்த சன்ஹிதா 2024 ஜூலை 1-ல்தான் அமலுக்கு வந்திருந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 338 என்று வாய் பழகிய எண்கள் எஃப்.ஐ.ஆரில் இல்லாததைப் பார்த்து உரிமையாளர் ஏதோ பெரிய கேஸ் என்று பயந்துவிட்டார். கொடுங்காயத்துக்கான 125(பி)-யில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 185-ல் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-க்கு முன்னால் இதே குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரைதான் அபராதம். ஃபோன் பேசியதற்கு ஸ்பாட்டில் ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம். குடிபோதைக்கு அப்படி முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது விஷயமான தூக்கத்தைப் பற்றி எஃப்.ஐ.ஆரில் ஒரு வரி இல்லை. உடலோ மனமோ ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஓட்டினால் 186-வது பிரிவு உண்டு. முதல் தடவைக்கு 1,000 ரூபாய். ஆனால் தூக்கமின்மையை அளக்க மீட்டர் கிடையாது. இரண்டே முக்கால் மணி நேரம்தான் தூங்கினேன் என்று டிரைவர் என்னிடம் சொன்னது, அங்கே அவரை யாரும் கேட்காத கேள்வி.

மோட்டார் வாகன ஆய்வாளர் வேனைப் பார்த்து, பிரேக், ஸ்டியரிங் எதிலும் பழுதில்லை என்று எழுதினார். லைசென்ஸ் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனது. விளக்கம் கேட்டு, மூன்று மாதம் தற்காலிகமாக ரத்து செய்தார்கள். பத்தாயிரம் அபராதத்தை எப்போதோ வரப்போகும் விஷயமாகப் பார்த்த டிரைவர், இந்த மூன்று மாதத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு லைசென்ஸ்தான் சோறு. எந்தத் தண்டனை உறைக்கிறது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கால் லாக் காட்டியது

டிரைவரின் ஃபோனை அவர் சம்மதத்தோடு அவருடனேயே உட்கார்ந்து பார்த்தேன். அன்று காலை 5:50 முதல் 6:40 வரை வந்த அழைப்புகள் திரையில் வரிசையாக இருந்தன. மூன்றாவது ஸ்டாப் பெண், 8 விநாடி. கம்பெனி சூபர்வைசர், 19 விநாடி. முதல் ஸ்டாப்பில் தாமதமான பெண், 6 விநாடி. உரிமையாளர், 11 விநாடி. மறுபடி சூபர்வைசர், எடுக்கவில்லை. உடனே மறுபடியும் அவரே, 14 விநாடி. கடைசி வரியில் ஐந்தாவது ஸ்டாப் பெண்ணின் பெயர், எடுக்காத அழைப்பு என்று சிவப்பில்.

எதுவுமே கதை பேசிய அழைப்பு இல்லை. “எங்கணா வர்றே?”, “ரெண்டு நிமிஷம் நில்லுணா, வந்துனே இருக்கேன்”, “இன்னிக்கி எத்தினி பேரு?” இவ்வளவுதான். அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, முந்தின வாரம் முழுக்க இதே கதை. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடிக்கு 14 மீட்டர் ஓடும். 11 விநாடி பேசினால் 150 மீட்டர். அப்படிப் பார்த்தால் அன்று காலையில் மட்டும் ஏறக்குறைய 800 மீட்டர் அவர் பாதி கவனத்தில்தான் ஓட்டியிருக்கிறார்.

நான் அவரிடம், ஆயிரம் ரூபாய் ஃபைன் கட்டிய பிறகும் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். “எடுக்கலேன்னா சூபர்வைசர் ஓனருக்கு அடிப்பாரு. ஓனர் எனக்கு அடிப்பாரு. அந்தப் பொண்ணுங்களுக்கு அரை நாள் போயிடும், என்னத்தான் திட்டுவாங்க. ஃபைனு என்னிக்கோ ஒரு நாள் சார், இது டெய்லி” என்றார்.

இங்கேதான் 8:10 விதி வந்து சேர்கிறது. அரை நாள் சம்பளம் போகும் பயத்தில் பெண்கள் கூப்பிடுகிறார்கள். லைனில் ஆள் குறையும் பயத்தில் சூபர்வைசர் கூப்பிடுகிறார். காண்ட்ராக்ட் போகும் பயத்தில் உரிமையாளர் கூப்பிடுகிறார். எல்லாருடைய பயமும் ஓட்டுகிறவர் மடியில் கிடக்கும் ஃபோனில் வந்து இறங்குகிறது. ஆனால் சட்டத்தின் முன் நிற்பது எடுத்தவர் மட்டும்தான். 188-வது பிரிவில், 184, 185, 186 குற்றங்களுக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்று இருக்கிறது. அதை வைத்துக் குடித்தவரோடு வண்டியில் போகிறவர் மீது தமிழ்நாட்டில் வழக்குப் போடுகிறார்கள். ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே கூப்பிடுகிறவர்மேல் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் யோசனை உரிமையாளருடையது: ஆளை நிறுத்திவிடுவது. கம்பெனியின் யோசனை அதைவிட சுலபமானது: காண்ட்ராக்டரையே மாற்றுவது. இரண்டுக்கும் நான் எதிராகப் பேசினேன். புதுசாக வரும் டிரைவருக்கும் அதே நம்பர்களிலிருந்துதான் ஃபோன் வரும்.

குடி விஷயத்தில் நான் அப்படிப் பேசவில்லை. லைசென்ஸ் திரும்பி வந்தாலும், பயிற்சி முடித்து, ஷெட்டில் தினமும் மீட்டரில் ஊதிக் காட்டாமல் அவர் கையில் சாவி கொடுக்கக் கூடாது என்றேன். அதுவரை ஷெட்டில் வண்டி கழுவுவது, டீசல் கணக்கு பார்ப்பது என்று குறைந்த சம்பளத்தில் வைத்துக்கொண்டார்கள்.

பெண்களையும் கேட்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலர் வந்தார்கள். பாதிப் பேர் அவர் திரும்ப வர வேண்டும் என்றார்கள். ஓ.டி. முடிந்து ராத்திரி வந்தால் தெருமுனையில் விடாமல் வீட்டு வாசலில் இறக்கிவிடுவாராம். வயதில் மூத்த ஒரு அம்மா மட்டும், “நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. என் மருமவளும் அந்த வண்டிலதான் வர்றா. அன்னிக்கி ஒரு லாரி வந்திருந்தா?” என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு கம்பெனியோடு பேச்சு. எனக்கு இதுதான் பெரிய வேலையாக இருந்தது. கேட்டது ஒன்றே ஒன்று: வேன் லேட்டாக வந்தால் அந்த வேனில் வந்த பெண்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது, கேட்டில் வாட்ச்மேன் வேன் வந்த நேரத்தை எழுதட்டும், கணக்கை காண்ட்ராக்டரோடு பார்த்துக்கொள்ளுங்கள். மனிதவளப் பிரிவில் இருந்தவர், “அப்படி விட்டா தினம் எட்டரைக்கு வருவாங்க” என்றார். நியாயமான சந்தேகம்தான். கால் லாக்கைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்தேன். அவர்கள் சூபர்வைசரின் நம்பர் அதில் இரண்டே நிமிஷத்தில் இரண்டு தடவை இருந்தது. ஒரு மாதம் பார்க்கலாம் என்று வாய்மொழியாக ஒத்துக்கொண்டார்கள்.

ஃபோனுக்கு ஒரு ஏற்பாடு: வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது டிரைவரின் ஃபோன் சைலண்டில் போட்டு, சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்டிக்குள் போய்விட வேண்டும். முதல் ஸ்டாப்பில் ஏறும் பெண்களில் ஒருவர் வண்டிக்கென்று தனியாக வாங்கிய ஒரு பட்டன் ஃபோனை வைத்துக்கொள்வார். யார் கூப்பிட்டாலும் அவர்தான் எடுப்பார். ஸ்டாப்பில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்வார். புளூடூத் போட்டுக்கொடுத்தால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார். கை ஸ்டியரிங்கில் இருக்கும், மனசு ஃபோனில் இருக்கும், அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

குடிக்கு: ஒரு மீட்டர் வாங்கினார்கள். ஷெட் வரம்பு 30 இல்லை, பூஜ்யம். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால், வாய் கொப்புளித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ஊதச் சொல்வது. அப்போதும் காட்டினால் அன்றைக்கு வண்டி கிடையாது, அன்றைய சம்பளமும் கிடையாது. ஆனால் முதல் தடவைக்கு வேலையை விட்டு அனுப்புவதில்லை. வேலை போகும் என்றால் மீட்டரை ஏமாற்றத்தான் வழி பார்ப்பார்கள். ஆக்டிங் டிரைவர் செலவு உரிமையாளருடையது. ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள் காரணம் கேட்காமல் லீவு என்பதையும் சேர்த்தோம். மீட்டருக்குத் தெரியாத தூக்கத்துக்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு

வண்டி ஃபோன் ஏற்பாடு ஒரு வேனில் பத்து நாளில் படுத்துவிட்டது. ஃபோன் வைத்திருந்த பெண்ணை மற்றவர்கள், “நீ இன்னாடி ஆபீசரா?” என்று கிண்டல் செய்ய, அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்ற இரண்டு வேனில் நிலைத்தது. விபத்து நடந்த வேனில் அந்த மூத்த அம்மாவின் மருமகளே ஃபோனை வாங்கிக்கொண்டாள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் யாருக்காகவும் நிற்க விடமாட்டாள் என்று பெயர். கோபம் கொஞ்சம் வந்தது, ஆனால் ஸ்டாப்புக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் பழக்கமும் வந்தது.

8:10 என்ற கேட் விதி தளர்ந்த பிறகு அழைப்புகள் தாமாகக் குறைந்தன. மூன்றாவது வாரம் வேன்களின் கால் லாக்கை மறுபடி பார்த்தபோது, காலை நேரத்தில் சூபர்வைசரின் நம்பர் அபூர்வமாகத்தான் இருந்தது. மனிதவளப் பிரிவு பயந்தது போல வேன்கள் எட்டரைக்கு வரவில்லை. வாட்ச்மேன் நோட்டில் பெரும்பாலும் 7:50-ஐ ஒட்டித்தான் நேரம் இருக்கிறது.

உண்மையான சோதனை தீபாவளிக்கு மறுநாள் வேலை தொடங்கியபோது வந்தது. வேறொரு வேனின் டிரைவர் ஊதியபோது மீட்டர் 22 காட்டியது. சட்டப்படி அவர் ஓட்டலாம். ஷெட் விதிப்படி ஓட்டக் கூடாது. ஆக்டிங் டிரைவருக்குப் பண்டிகை நேரத்தில் எங்கே போவது? உரிமையாளர் எனக்கு ஃபோன் செய்து, “சட்டத்துலயே முப்பது வரைக்கும் விட்டிருக்காங்களே சார்” என்றார். முடிவு உங்களுடையது, ஆனால் இன்றைக்கு விட்டால் நாளை முதல் மீட்டருக்கு மதிப்பு இருக்காது என்றேன். அவர் விடவில்லை. தன் மச்சானைக் கூப்பிட்டு ஓட்ட வைத்தார். அவரிடம் பேட்ஜ் உண்டு. வேன் 8:50-க்குப் போய்ச் சேர்ந்தது. கம்பெனி பெண்களுக்குச் சம்பளம் பிடிக்கவில்லை. காண்ட்ராக்ட் தொகையில் ஒரு நடைக்கான காசைக் கழித்தார்கள், அவ்வளவுதான்.

பழைய டிரைவர் மூன்று மாதம் முடிந்து லைசென்ஸ் வாங்கி, பயிற்சியும் முடித்து, மார்கழியில் திரும்ப ஓட்ட ஆரம்பித்தார். குடியை விட்டாரா என்று நான் கேட்கவில்லை. தினமும் ஊதுகிறார், பூஜ்யம் வருகிறது. வழக்கு நடுவர் நீதிமன்றத்தில் வாய்தாவில் இருக்கிறது.

பால்காரர் வாக்கர் பிடித்து நடக்கவே நான்கு மாதம் ஆனது. அதுவரை அவர் மனைவி சைக்கிளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொண்டுபோய் ஊற்றினார். வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் பாக்கெட் பாலுக்கு மாறிவிட்டார்கள், திரும்பி வரவில்லை. டிரைவர் தன் கையிலிருந்து கொஞ்சம் பணம் கொடுத்தார், ரசீது எதுவும் கேட்காமல். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி, டிரைவர் போதையில் இருந்தார் என்று எதிர்வாதம் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் முதலில் கட்டிவிட்டு, உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. அப்படி வந்தால் ஒரு வேனை விற்க வேண்டியிருக்கும் என்று உரிமையாளர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இன்னொரு தடவை செய்தால்

கேட் விதியிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பெட்டி, பட்டன் ஃபோன் எல்லாம் அதற்குப் பிறகு. படுத்துப்போன வேனில்கூட, கேட் விதி தளர்ந்ததும் அழைப்புகள் குறைந்ததைப் பார்த்தோம்.

ஃபோன் வைத்திருக்கும் பெண்ணுக்குச் சின்னத் தொகையாவது கொடுக்கச் சொல்லியிருப்பேன். காசு கொடுத்தால் அது வேலை, கொடுக்காவிட்டால் அதிகாரம் செய்வதாகத்தான் மற்றவர்களுக்குத் தோன்றும். ரீசார்ஜ் மட்டும் போதும் என்று கம்பெனி சொன்னது ஒரு வேனில் பலிக்கவில்லை.

ஃபைனை உரிமையாளர் கட்டிவிட்டு டிரைவர் சம்பளத்தில் பிடிப்பதையும் மாற்ற வேண்டும். காலை ஐந்தே முக்காலிலிருந்து எட்டு மணிக்குள் ஃபோனுக்காக ஒரு சலான் வந்தால், அந்த நேரத்தில் கூப்பிட்டது யார் என்று முதலில் கால் லாக்கைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டது உரிமையாளர் என்றால் அந்த ஆயிரம் அவருடையது, கம்பெனி என்றால் கம்பெனியுடையது. உரிமையாளர் இதற்கு ஒத்துக்கொண்டார். கம்பெனி இன்னும் யோசிக்கிறது.

ஆக்டிங் டிரைவர் இரண்டு பேரின் பெயரை, பேட்ஜ் நகலோடு, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே உறுதி செய்து வைக்க வேண்டும். ஆடி வெள்ளிகள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, தீபாவளி, பொங்கல், அந்தந்த டிரைவரின் ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் ஷெட் காலண்டரில் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் மறுநாள் யார் ஓட்டுவது என்று பெயர் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. அடுத்த ஆடி வரைக்கும் எழுதியாகிவிட்டது.

வாய்மொழியாக ஒத்துக்கொண்ட கேட் விதியைத் தை மாதம் காண்ட்ராக்ட் புதுப்பித்தபோது கம்பெனி எழுத்தில் கொடுத்தது. உரிமையாளரின் மீதி இரண்டு வேன்கள் ஓடும் இன்னொரு கம்பெனியிடமும் அதே கடிதத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறோம். பதில் வரவில்லை. அந்த இரண்டு வண்டிகளில் மீட்டர் மட்டும் நடக்கிறது. ஃபோன் பெட்டியை டிரைவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 8:10 தாண்டினால் அரை நாள் என்ற விதி அங்கேயும் அப்படியே இருக்கிறது.